புரட்டாசியில் ஒரு விரால்

அக்காவுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள் ஆகியும் பால் சரியாகச் சுரக்கவில்லை. காய்ச்சல் விட்டிருந்தது, ஆனால் போகும்போது பசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அம்மா கஞ்சிக் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனால் அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். "அப்புறம் குடிக்கிறேம்மா" என்பாள். அந்த அப்புறம் வருவதே இல்லை.

பிள்ளைக்கு அடுத்த வீட்டுப் பர்மியப் பெண் பால் கொடுத்தாள். அவளுக்கு எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. தன் பிள்ளைக்குக் கொடுத்த கையோடு எங்கள் வீட்டுக்குள் வந்து, இவனையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நாளைக்கு ஏழெட்டுத் தடவை வருவாள். அவள் வரும்போதெல்லாம் அக்கா கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவள் போல் கிடப்பாள். தூங்கவில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அப்போது நாங்கள் பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிக் குடியிருந்தோம். அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். அதே ஆலையின் அலுவலகத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். நான் ஒன்பது வருடம் படித்தேன் என்றால், அந்த ஒன்பது வருடமும் என் பங்கு வேலையை வீட்டில் மற்றவர்கள் செய்தார்கள் என்று பொருள். தண்ணீர் எடுத்தது, விறகு பொறுக்கியது, கோழி அறுத்தது, மீன் ஆய்ந்தது எல்லாம் அக்கா. "அவன் படிக்கட்டும்" என்று ஒரு சொல் வீட்டில் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு அக்கா எழுந்து போய் வேலையைச் செய்வாள். அத்தான் மாந்தலைக்குப் போகும் ஆற்றுக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிற நெருப்புக்காரர். மாதக் கடைசியில்தான் திரும்புவார். ஆகவே அக்கா கஞ்சி குடிக்கவில்லை என்பதை வேறு யாருடைய கவலை என்றும் நான் ஒதுக்க முடியாது.

பிரசவம் பார்த்த கிழவி பத்தாம் நாள் வந்து அக்காவின் வயிற்றையும் நாக்கையும் பார்த்தாள்.

"விரால் குடுங்க" என்றாள் அம்மாவிடம். "பூண்டு போட்டு ரசமாட்டம். மூணு நாள் உள்ள போச்சுன்னா உடம்பு எந்திரிச்சிடும். ஆனா முழங்கையைவிட நீளமா இருக்கணும். சின்ன மீன்ல என்ன இருக்கு, முள்ளுதான். உசிரோட பிடிச்சு, அறுத்த சூட்டோட சட்டியில போடணும்."

எங்கள் வழக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு முதல் மீனை உடன்பிறந்தவன் கொண்டு வர வேண்டும். கிழவி அதைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அதிலேயே எல்லாம் இருந்தது.

அம்மா மட்டும் மறுப்பாகத் தலையை ஆட்டினாள். "ஐப்பசி பொறக்கட்டும்."

அக்காவுக்கு இரண்டு நாள் வலி எடுத்தும் பிள்ளை இறங்காமல் இருந்தபோது அம்மா பெருமாளிடம் வேண்டிக்கொண்டிருந்தாள்: இந்தப் புரட்டாசி முழுக்க எங்கள் அடுப்பில் மீன் வாடை ஏறாது என்று. பெருமாள் கேட்டதைக் கொடுத்துவிட்டார். இனி அம்மா சொன்னதைச் செய்ய வேண்டும். ஐப்பசி பிறக்க ஒன்பது நாள் இருந்தது. இன்னும் இரண்டு சனிக்கிழமைகள். அக்காவின் கன்ன எலும்பைப் பார்த்தால் ஒன்பது நாள் என்பது சின்னக் காலமாகத் தெரியவில்லை. சந்தையில் அந்த வாரம் வந்ததெல்லாம் சாண் நீள மீன்கள்.

நான் ஒரு யோசனை கண்டுபிடித்தேன். விரால் தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக் காற்றைக் குடிக்கும் மீன். ஒரு ஜாடித் தண்ணீரில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எனக்கு விடுமுறை ஞாயிறு ஒன்றுதான். வருகிற ஞாயிறு பெரிய விரால் ஒன்றைப் பிடித்து ஜாடியில் போட்டுவிட்டால், அதற்கடுத்த ஞாயிறு ஐப்பசி ஒன்று. விடிந்ததும் சட்டி ஏற்றலாம். ஐப்பசி பிறந்த பிறகு பிடிக்கப் போய், அன்று கிடைக்காமல் போனால், இன்னும் ஒரு வாரம் அல்லவா போய்விடும். இந்த ஏற்பாட்டில் எனக்குள்ளே கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மீன் இருக்கும் இடம் மட்டும் எனக்குத் தெரியாது. அது அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியும். அவரும் எங்கள் ஆலைதான். நெல் நிறுக்கும் இடத்தில் வேலை. நான் அவரை அக்கோ என்று கூப்பிடுவேன், பர்மாவில் அண்ணனுக்கு அப்படித்தான். மூட்டை தூக்குகிறவர்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் ஓடும், எங்கே நொண்டினாலும் நிற்காமல் ஓடும். அவரைப் போல விரால் பிடிக்கிற ஆள் எங்கள் பக்கத்தில் இல்லை. ஆனால் அப்போது அவர்களுடைய வா காலம். மழைக்கால மூன்று மாதமும் நோன்பாக இருப்பார்கள். விளக்குப் பண்டிகைப் பௌர்ணமியோடு அது முடியும். அதுவரை ஓர் உயிரையும் கொல்வதில்லை என்று அவர் சங்கற்பம் எடுத்திருந்தார். தூண்டில் கழியைத் துணியில் சுற்றிக் கூரை மூங்கிலோடு கட்டிப்போட்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை விரால் பிடிக்கப் போகணும் அக்கோ" என்றேன்.

"போ."

"எங்க போறதுன்னு தெரியல."

அவர் தன் மனைவியின் மடியில் கிடந்த எங்கள் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வழி காட்டுறேன் தம்பி. மீன் காட்ட மாட்டேன். மீன் காட்டினா பாதி பாவம் எனக்கு. வழி காட்டினா பாவம் இல்லே. வழியிலே எல்லாரும் போறாங்க."

ஞாயிறு விடியும் முன்பே கிளம்பினோம். நான் ஒரு புது மூங்கில் கழி வெட்டி வைத்திருந்தேன். தடித்த பருத்தி நூல், இரண்டு பெரிய தூண்டில் முள், ஒரு வாய் அகன்ற மண்ணெண்ணெய் டின். தாமுவேயைத் தாண்டினால் வீடுகள் முடிந்துவிடும். அப்புறம் ஓடையும், ஓடையிலிருந்து பிரியும் வாய்க்காலும், நெல் விளையாத பள்ள நிலமும்தான். மழை முழுக்க அங்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும். புரட்டாசிக் கடைசியில் வடிய ஆரம்பிக்கும். அந்தத் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கும்போது பெரிய விரால்கள் வாய்க்காலுக்குப் போகாமல் இன்னும் மேட்டிலேயே சுற்றும். சின்ன மீனும் தவளையும் அங்கே நெருங்கிக் கிடப்பதால் அவற்றுக்கு விருந்துக்காலம். இதையெல்லாம் அக்கோ நடந்துகொண்டே சொன்னார். இது வழியைப் பற்றிய பேச்சுதான் என்று அவரே ஒரு தடவை விளக்கமும் சொல்லிக்கொண்டார்.

பள்ளத்தின் விளிம்பில் ஒரு பனைத் தோணி கவிழ்த்துக் கிடந்தது. அவருடையது. அதைத் திருப்பித் தண்ணீரில் தள்ளினோம். அவர் பின்னால் உட்கார்ந்து துடுப்பைப் போட்டார். ஆகாயத் தாமரை ஒரு பக்கம் ஊதா நிறமாகப் பூத்து மூடிக்கிடந்தது. இன்னொரு பக்கம் அல்லி இலைகள். நடுவே தெளிந்த தண்ணீர், அடியில் புல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதுகூடத் தெரிந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை. தூரத்தில் எங்கள் ரயில் கூவிய சத்தம் தண்ணீர் மேலே வழுக்கிக்கொண்டு வருவது போல வந்தது.

அவர் தோணியை ஒரு வரப்பில் ஏற்றி நிறுத்தினார். பிறகு தோணியிலேயே திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். சுருட்டைப் பற்றவைத்தார்.

"நான் இருக்கேன். ஆனா இல்லே" என்றார்.

நான் வரப்பில் இறங்கினேன். முழங்கால் வரை தண்ணீர். தவளை பிடிப்பதிலேயே அரை மணி போய்விட்டது. பிடித்த தவளையின் முதுகுத் தோலில் முள்ளை ஏற்றும்போது இரண்டு தடவை என் விரலிலேயே குத்திக்கொண்டேன். கழியை நீட்டி, தவளை தண்ணீர் மேலே தத்திப் போகிறாற்போல இழுக்க வேண்டும். நான் இழுத்தபோது அது தத்தவில்லை; பட்டம் விழுவது போல விழுந்து விழுந்து எழுந்தது. சேற்றுக்குள் கால் மாற்றி வைத்தபோதெல்லாம் களக் களக்கென்று சத்தம் வந்தது.

பின்னாலிருந்து குரல் வந்தது. "தம்பி, கொக்கு பார்த்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"கொக்கு நல்ல பறவை. ஒரே இடத்திலே நிக்கும். நான் கொக்கு பத்தி மட்டும் சொல்றேன்."

நான் நின்றேன். காலைச் சுற்றிக் கலங்கின தண்ணீர் மெல்லத் தெளிந்தது. அட்டை ஒன்று கெண்டைக்காலில் ஏறியது தெரிந்தும் குனியாமல் நின்றேன். ரொம்ப நேரம் கழித்து, பத்து முழத்துக்கு அப்பால் 'ப்ளக்' என்று ஒரு சத்தம். வாய் திறந்து மூடுகிற சத்தம். ஒரு வளையம் விரிந்தது. நான் கழியை அந்தப் பக்கம் நீட்டித் தவளையை வைத்தேன். தண்ணீர் உப்பிக்கொண்டு வந்தது. தவளை இருந்த இடத்தில் ஒரு குழி விழுந்தது. பதறிப்போய் உடனே சுண்டினேன். பாதித் தவளை என் தோளுக்கு மேலே பறந்து அக்கோவின் முதுகில் போய் ஒட்டியது.

அவர் திரும்பவில்லை. கையைப் பின்னால் விட்டு அதை எடுத்துத் தண்ணீரில் போட்டார்.

"என் பொண்டாட்டி சோறு போட்டா நான் வாயிலே வைப்பேன்" என்றார் நிதானமாக. "மெல்லுவேன். அப்புறம் முழுங்குவேன். வாயிலே வைக்கிறப்பவே தட்டைப் பிடுங்கினா என்ன ஆகும்? வெறும் கை. நான் சோறு பத்திச் சொல்றேன்."

"புரியுது அக்கோ."

"உனக்கு என்ன புரியணும்? நான் சும்மா பேசறேன்."

வெயில் ஏறிவிட்டது. இன்னும் இரண்டு மீன் வந்தது. இரண்டும் முழங்கை நீளம்கூட இல்லாத சின்ன விரால்கள். முள்ளிலிருந்து விடுவித்துத் திருப்பி விட்டேன். மீன் தண்ணீரில் விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருடைய முதுகு கொஞ்சம் நிமிரும். ஒரு தடவை, "மூணாவது உயிர் பிழைச்சுது" என்றார். "இன்னிக்கு நீ புண்ணியம் பண்ணத்தான் வந்தே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டின் காலியாகக் கிடந்தது. வீட்டுக்குப் போனால் அக்கா சுவரைப் பார்த்துக் கிடப்பாள். நான் எதுவும் கொண்டுவரவில்லை என்று அவள் குறை சொல்ல மாட்டாள், கேட்கவே மாட்டாள். கழியின் நுனியைத் தண்ணீரில் சாயவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனாலும் அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"தம்பி" என்றார். "வலது பக்கம் அல்லி இலை ஒண்ணு ஆடுது. காத்து இல்லே. நான் இலையை மட்டும் சொல்றேன்."

அவர் எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார். அல்லிக்கு மட்டும் முதுகைக் காட்டவில்லை.

இலை ஆடியது. பக்கத்து இலையும் ஆடியது. கீழே ஏதோ ஒன்று தண்டுகளை ஒவ்வொன்றாக உரசிக்கொண்டு போகிறது. கடைசித் தவளையை இரண்டு இலைக்கு நடுவே இறக்கினேன். அது தானாகவே ஓர் இலையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் இழுக்கவில்லை. கொக்கு மாதிரி நின்றேன். தவளை தானே தண்ணீருக்குள் குதித்தது. உடனே அந்த இடமே கீழே இறங்கிப் போயிற்று.

மனதுக்குள் அவர் சொன்ன சோற்றை வாயில் வைத்தேன். மென்றேன். நூல் நகர ஆரம்பித்தது. விழுங்கினேன். அப்புறம்தான் சுண்டினேன்.

கழியின் நுனி முதல் இழுப்பிலேயே முறிந்தது. கழியில் சுற்றியிருந்த மிச்ச நூல் என் உள்ளங்கை வழியாக ஓடிக் கிழித்துக்கொண்டு போனது. மீன் அல்லித் தண்டுகளைச் சுற்றிவிட்டு வாய்க்கால் பக்கம் திரும்பியது. அங்கே இறங்கிவிட்டால் ஆழம், நூல் நிற்காது. நான் பின்னால் சாய்ந்து இழுத்தேன்.

"இழுக்காதே. மீன் பக்கம் நட" என்று அவர் கத்தினார். கத்திய பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சுருட்டை எறிந்துவிட்டு எழுந்தார். சட்டையைக் கழற்றினார். கைலியை இறுக்கிக் கட்டினார். "ரொம்ப வெயில். நான் குளிக்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே தோணியிலிருந்து இறங்கி, சரியாக மீனுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே போய் நின்று, இரண்டு கையாலும் தண்ணீரை வாரி வாரித் தலையில் ஊற்றிக்கொண்டார். அவ்வளவு சத்தமாக ஒருவர் குளித்து நான் பார்த்ததில்லை.

மீன் திரும்பி மேட்டுப் பக்கம் வந்தது. முழங்கால் தண்ணீர் கணுக்கால் தண்ணீராக ஆகிற இடத்தில் அதன் முதுகு வெளியே தெரிந்தது. கருத்து, என் தொடையளவு தடித்து. நான் யோசிக்கவில்லை. மேலே விழுந்தேன். சேறும் புல்லும் மீனுமாகக் கட்டிப் பிடித்துப் புரண்டேன். அது வாலால் என் முகத்தில் இரண்டு தடவை அடித்தது. மூச்சு திரும்பி நான் எழுந்து உட்கார்ந்தபோது அது என் மடியில் கிடந்தது. அக்குளிலிருந்து விரல் நுனி வரை இருந்தது. வாயைத் திறந்து மூடி என்னைப் பார்த்தது.

அக்கோ குளித்து முடித்து வந்தார். குனிந்து பார்த்தார். "யாரோ பெரிய மீன் பிடிச்சிருக்காங்க" என்றார்.

டின்னில் அது வளைந்துதான் கிடந்தது. கழியின் மிச்சத்தில் டின்னைக் கோத்து ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கி வந்தோம். தாமுவே சந்தையில் தெரிந்த பர்மியர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, வா முடியும் முன்பே ஆரம்பித்துவிட்டாயா என்று அக்கோவைக் கேட்டார். "நான் டின் தூக்குறேன்" என்று அவர் பர்மிய மொழியில் சொன்னார். "உள்ளே என்ன இருக்குன்னு அந்தத் தம்பியைக் கேளு."

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். டின்னைப் பார்த்தாள். அவள் கண் ஒரு கணம் மலர்ந்தது எனக்குத் தெரிந்தது. பிறகு கதவின் குறுக்கே கையை வைத்தாள்.

"உள்ள கொண்டு வராதே."

"உசிரோடதாம்மா இருக்கு. ஐப்பசி வரைக்கும் ஜாடியில கிடக்கட்டும்."

"உசிரோட இருந்தா மீனு இல்லையா? புரட்டாசியில என் வீட்டுக்குள்ள மீனு குடித்தனம் பண்ணுமா? படிச்சவன் பேசற பேச்சா இது."

என் பெரிய ஏற்பாட்டில் ஜாடியை எங்கே வைப்பது என்ற ஒன்றை மட்டும் நான் யோசித்திருக்கவில்லை. அக்கோதான், "என் வீட்டுக்குக் கீழே இருக்கட்டும் அம்மா" என்றார். அவர்கள் வீடு மரக் கால்களின் மேல் நிற்பது. கீழே நிழலும் இடமும் இருந்தது. "அது உயிரோட இருந்தா எனக்கும் சரி. ஐப்பசிக்கு அப்புறம் நாலு நாளிலே பௌர்ணமி. எல்லாருக்கும் சரி." அவருடைய பெரிய தண்ணீர் ஜாடியில் விரால் இறங்கியது. மேலே பலகை, பலகை மேலே அம்மிக்கல்.

ஞாயிறு போயிற்று. திங்கள் போயிற்று. நான் ஆலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் பலகையைத் தூக்கிப் பார்ப்பேன். மீன் நன்றாக இருந்தது. அக்காதான் நன்றாக இல்லை. செவ்வாய் மாலை அம்மா அக்காவின் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். முடி கையோடு வந்தது. அம்மா அதைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டு என்னைப் பார்க்காமல் எழுந்து போனாள்.

புதன்கிழமை விடியற்காலையில் ஜாடிப் பலகையில் 'தடால்' என்று ஒரு சத்தம். கல் உருண்டு விழுந்த சத்தமும் கேட்டது. நான் ஓடிப்போய்க் கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வந்தேன்.

"அது என்ன சத்தம்?" என்று அக்கா கேட்டாள். அவளாக வாய் திறந்து எங்களில் ஒருவரிடம் எதையும் கேட்டு நான்கைந்து நாள் ஆகியிருந்தது.

"விரால்."

"யாரு பிடிச்சா?"

"நான்தான்."

அவள் திரும்பிப் படுத்து என்னைப் பார்த்தாள். "நீயா?" என்றாள். உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. "எத்தாம் பெருசு?"

நான் கையை நீட்டித் தோளிலிருந்து காட்டினேன். என் உள்ளங்கையில் நூல் கிழித்த கோட்டைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பூண்டு நெறைய உரிக்கணும். மெளகு ஒண்ணும் ரெண்டுமா தட்டிப் போடணும். புளி கொஞ்சமாத்தான். தலையைத் தனியா எடுத்து வைக்கக் கூடாது, அதுலதான் ருசி." எச்சில் விழுங்கினாள். "பசிக்குதுடா."

அடுப்படியில் அம்மா கையிலிருந்த சட்டியை இறக்கி வைத்த சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது அம்மா பெருமாள் படத்துக்கு முன்னால் நின்றிருந்தாள். கை கூப்பவில்லை, அக்கம்பக்கத்தாரிடம் பேசுவதற்கு நிற்பது போல இடுப்பில் கை வைத்து நின்றாள். பிறகு பூண்டுக் கூடையையும் மிளகு டப்பாவையும் எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நம்ம அடுப்புல ஏறாதுன்னுதான் நான் சொன்னேன். அடுத்த வீட்டு அடுப்பைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலே. அந்தப் பொண்ணை வச்சுத் தரச் சொல்லு. மத்ததை நான் இவர்கிட்ட பேசிக்கிறேன்."

அடுத்த வீட்டில் சொன்னேன். அமா, அக்கோவின் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், உடனே அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். சமைப்பதில் அவளுக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை. "ஆனா உயிரோட கொண்டுவராதே" என்று கணவர் மூலம் சொல்லி அனுப்பினாள்.

அக்கோ படியில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பௌர்ணமிக்கு இன்னும் எட்டு நாள்" என்றார்.

"நான் பண்றேன் அக்கோ. கத்தி மட்டும் குடுங்க. எங்க வீட்டு அரிவாள்மணையை அம்மா தர மாட்டாங்க."

"கத்தி குடுக்க மாட்டேன்." எழுந்து வீட்டுக்குள் போகும்போது தூணைக் கையால் தட்டிவிட்டுப் போனார். "இந்தத் தூணிலே ஒரு கத்தி எப்பவும் சொருகி இருக்கும். நாலு வருஷமா இருக்கு. அடுப்புச் சாம்பல் அந்தச் சட்டியிலே இருக்கும். அது எங்க வீட்டுப் பழக்கம்."

சாம்பலைத் தரையில் கொட்டி ஜாடியைச் சாய்த்தேன். மீன் சாம்பலில் விழுந்து புரண்டது. அதனால்தான் பிடிக்க முடிந்தது. அதுவரை நான் ஒரு கோழியைக்கூடக் கொன்றதில்லை. கத்தியின் முதுகால் தலையில் அடிக்க வேண்டும் என்று தெரியும். அக்கா செய்ததைக் கதவிடுக்கில் புத்தகத்தோடு நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முதல் அடி கல்லில் விழுந்தது. இரண்டாவது சரியாக விழவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. மூன்றாவது அடியில் உடம்பு நீண்டு நடுங்கி அடங்கியது. அக்கா இந்த வேலையை முதலில் செய்தபோது அவளுக்கு எத்தனை வயது இருக்கும் என்று யோசித்தேன். பத்துகூட இருந்திருக்காது. செதில் சீவி, கல்லில் தேய்த்து, குடலெடுத்து, துண்டு போட்டேன். துண்டுகள் ஒன்றுபோல இல்லை. அமா வந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்டியில் அள்ளிப் போனாள்.

அம்மா எங்கள் வீட்டு வாசல்படியில் நின்றபடியே உப்பையும் புளியையும் அளவு சொன்னாள். அமாவுக்கு அதில் பாதிதான் புரிந்தது. அவள் தன் பங்குக்கு இஞ்சி தட்டிப் போட்டாள். அம்மா வேண்டாமென்று கையாட்டினாள். அமா பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். கொதி வந்து பூண்டு வாசம் இரண்டு வீட்டுக்கும் நடுவே நின்றது. ஆலைச் சங்கு ஊதியது. முதன்முறையாக நான் சங்குக்குப் பிறகு வேலைக்குப் போனேன்.

அக்கா அன்று காலை அரைக் கிண்ணம் குடித்தாளாம். மதியம் ஒரு கிண்ணம், தலையைக் கேட்டு வாங்கி உறிஞ்சினாளாம். நான் மாலை வந்தபோது உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் ரசத்துக்கு ஒதுக்கியது போக மீதி மீனை அமா உப்புப் போட்டு வெயிலில் காயவைத்துவிட்டாள். அக்கோ ஒரு துண்டும் தொடவில்லை. "என் மேலே பாதி பாவம் இருக்குமோ என்னமோ. பௌர்ணமி வரட்டும், பாத்துக்கலாம்" என்றார். கருவாட்டின் பக்கம் மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ரசம் போனது. புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை அன்று அம்மா மாவிளக்கு ஏற்றிக் கும்பிட்டாள். வழக்கத்தைவிட அதிக நேரம் கண்ணை மூடி நின்றாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்ன பேச்சு நடந்தது என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

அன்று விளக்கு வைத்த நேரத்தில் அமா வழக்கம்போல வந்தாள். தன் பெண்ணை இடுப்பில் வைத்திருந்தாள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அவள் மடியில் இருந்தான். அவன் குடிக்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அமாவை நேராகப் பார்த்து, தனக்குத் தெரிந்த கொஞ்சம் பர்மிய மொழியில், "வந்துவிட்டது" என்றாள்.

அமா சந்தோஷமாக ஏதோ சொன்னாள். அக்காவின் தோளைத் தட்டினாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றாள். பதினைந்து நாளாக அந்த நேரத்தில் அவள் உட்காரும் பாய் விரித்தபடி கிடந்தது. போகத் திரும்பினாள், போகவில்லை. அக்கா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை வாயை எடுத்ததும் அவனைத் துணியோடு தூக்கி நீட்டினாள்.

"இந்தப் பக்கம் குடிச்சிட்டான். இன்னும் அழுவான்" என்று என்னிடம் சொன்னாள். "அவங்ககிட்ட சொல்லுடா, ராத்திரிக்கு அவங்கதான் குடுக்கணும்னு. எனக்கு இன்னும் அவ்வளவு வரலேன்னு சொல்லு."

நான் அப்படியே சொன்னேன். அமா பாயில் உட்கார்ந்து அவனை வாங்கிக்கொண்டாள்.